ஹோமோசிஸ்டீன் இறங்கியது, மாரடைப்பு ஏன் குறையவில்லை?

மாஸ்டர் ஹெல்த் செக்கப் ரிப்போர்ட்டில் ஹோமோசிஸ்டீன் என்ற வரிக்கு எதிரே 22 என்றோ 28 என்றோ தடித்த எழுத்தில் ஓர் எண் இருந்து, பக்கத்திலேயே ‘இதயநோய் அபாயம்’ என்று ஒரு குறிப்பும் இருந்தால் யாருக்கும் வயிற்றைக் கலக்கும். கொலஸ்ட்ரால், சுகர், பிரஷர் எல்லாம் ஒழுங்காக இருந்து இது மட்டும் ஏறியிருந்தால் குழப்பம் இன்னும் கூடும். இணையத்தில் தேடினால் ‘கொலஸ்ட்ராலை விட மோசமான வில்லன் இதுதான்’ என்று ஒரு வீடியோ வரும், அதற்குக் கீழேயே அதைக் குறைக்கும் மாத்திரையும் விற்பனைக்கு இருக்கும்.

நான் சொல்ல வருவதை முதலிலேயே சொல்லிவிடுகிறேன். அந்த எண் பொய் இல்லை. உடம்பில் ஏதோ ஒன்று சரியில்லை என்பதை அது காட்டத்தான் செய்கிறது. ஆனால் வைட்டமின் மாத்திரை போட்டு அந்த எண்ணை இறக்கினால் மாரடைப்பு தள்ளிப்போகும் என்று நினைத்தால் அது நடக்காது. பல பத்தாயிரம் நோயாளிகளை வருடக்கணக்கில் கவனித்துத் தெரிந்துகொண்ட விஷயம் இது, யாரோ ஒருவரின் அபிப்பிராயம் இல்லை. அப்படியென்றால் அந்த எண்ணை வைத்துக்கொண்டு என்ன செய்வது? நிறைய செய்யலாம். ஆனால் இதயத்தை நினைத்துப் பயந்து செய்ய வேண்டியவை இல்லை அவை.

முதலில் இது என்ன பொருள் என்று பார்த்துவிடலாம். பருப்போ பாலோ முட்டையோ மீனோ, நாம் சாப்பிடும் எந்தப் புரதத்திலும் மெத்தியோனின் என்ற அமினோ அமிலம் இருக்கும். செல்களுக்குள் அதன் வேலை முடிந்த பிறகு மிஞ்சுவதுதான் ஹோமோசிஸ்டீன். ஒரு கண்மாய்க்கு இரண்டு மடை இருப்பது போல இதற்கும் இரண்டு மடை உண்டு. முதல் மடையில் அது திரும்ப மெத்தியோனினாகவே மாறிவிடும், அதற்கு ஃபோலேட் என்ற வைட்டமினும் (மாத்திரையில் வரும்போது ஃபோலிக் அமிலம்) பி12ம் வேண்டும். இரண்டாவது மடையில் சிஸ்டீன் என்ற வேறொரு அமினோ அமிலமாக மாறி வெளியேறும், அதற்கு பி6 வேண்டும். இரண்டில் எது அடைத்துக்கொண்டாலும் மட்டம் ஏறும். சிறுநீரகம் சோர்ந்துபோனாலும் ஏறும், தைராய்டு மந்தமாக இருந்தாலும் ஏறும், வயதாக ஆகக் கொஞ்சம் ஏறும், சிகரெட், மது, அளவுக்கு மீறிய காபி இவற்றாலும் ஏறும். சர்க்கரைக்குச் சாப்பிடும் மெட்ஃபார்மின், வலிப்புக்கான ஃபெனிடாயின், மூட்டுவாதத்துக்கான மெத்தோட்ரெக்சேட் போன்ற மருந்துகளும் ஒவ்வொரு வழியில் ஏற்றிவிடும். லிட்டருக்கு 5 முதல் 15 மைக்ரோமோல் வரை இருந்தால் சாதாரணம் என்று பெரும்பாலான லேப்கள் போடுகின்றன. 15 முதல் 30 வரை மிதமான ஏற்றம், 30 முதல் 100 வரை நடுத்தரம், 100க்கு மேல் போனால் அது வேறு கதை, அதற்குக் கடைசியில் வருகிறேன்.

இந்தப் பொருளை 1932இல் அமெரிக்க வேதியியலாளர் வின்சென்ட் டு விக்னோ கண்டுபிடித்தார். மெத்தியோனினை அடர் கந்தக அமிலத்தோடு சேர்த்துச் சூடாக்கியபோது கிடைத்தது. அடுத்த 30 ஆண்டுகளுக்கு இதயத்தோடு இதை யாரும் சேர்த்துப் பேசவில்லை. 1962இல் வட அயர்லாந்தின் பெல்ஃபாஸ்டில் மனவளர்ச்சி குன்றிய குழந்தைகளின் சிறுநீரைப் பரிசோதித்துக்கொண்டிருந்த கார்சன், நீல் இருவரும் சில குழந்தைகளின் சிறுநீரில் இந்தப் பொருள் ஏராளமாக இருப்பதைப் பார்த்தார்கள். அதே ஆண்டில் அமெரிக்காவின் விஸ்கான்சினிலும் அப்படி ஒரு குழந்தை அடையாளம் காணப்பட்டது. ஹோமோசிஸ்டினூரியா என்ற பரம்பரை நோய் அப்படித்தான் மருத்துவத்துக்குள் வந்தது. இரண்டாவது மடையைத் திறக்கும் நொதி பிறவியிலேயே வேலை செய்யாத நோய் அது. கண் லென்ஸ் இடம் பெயர்வது, கை கால்கள் நீளமாக வளர்வது, எலும்பு பலவீனம், சின்ன வயதிலேயே ரத்தக் குழாய்களில் ரத்தக்கட்டி சேர்வது எல்லாம் அதன் அடையாளங்கள்.

அப்புறம் வருகிறார் கில்மர் மெக்கல்லி. பாஸ்டனில் மாசசூசெட்ஸ் ஜெனரல் மருத்துவமனையில் நோயியல் மருத்துவர். 1968 வாக்கில் அங்கே நடந்த ஒரு கூட்டத்தில் இந்த நோயுள்ள ஒரு சிறுமியைப் பற்றிப் பேசினார்கள். அவளுடைய மாமா ஒருவர் 1930களில் சிறுவனாக இருக்கும்போதே இதே மாதிரி நோயால் இறந்துபோனார் என்று குடும்பத்தார் சொன்னதும் பேச்சில் வந்தது. தேடிப் பார்த்தால், அந்தச் சிறுவன் 1933இல் அதே மருத்துவமனையில், 8 வயதில், பக்கவாதத்தால் இறந்திருக்கிறான். எட்டு வயதுப் பையனுக்கு வயதானவர்களுக்கு வருவது போல ரத்தக் குழாய்கள் தடித்திருந்ததை அப்போதே வியந்து பதிவும் செய்திருக்கிறார்கள். பழைய கண்ணாடித் தகடுகளை ஆவணக்கிடங்கிலிருந்து எடுத்து மெக்கல்லி மைக்ரோஸ்கோப்பில் வைத்துப் பார்த்தார். உடம்பு முழுக்க சிறிய தமனிகளின் சுவர்கள் தடித்துப் போயிருந்தன, ஆனால் பெரியவர்களின் குழாய்களில் பார்க்கும் கொழுப்புப் படிவைக் காணோம்.

இது மட்டும் என்றால் ஒரு விசித்திரமான கேஸ் என்று போயிருக்கும். கொஞ்ச நாளில் இன்னொரு குழந்தையைப் பற்றித் தெரியவந்தது. இரண்டு மாதத்தில் இறந்துபோன ஆண் குழந்தை, அதற்கும் ஹோமோசிஸ்டீன் ஏற்றம், ஆனால் அடைபட்டிருந்தது வேறு மடை, பி12 சம்பந்தப்பட்ட மடை. அந்தக் குழந்தையின் குழாய்களும் அதே மாதிரி. முதல் சிறுவனுக்கு மெத்தியோனினும் ஏறியிருக்கும், இரண்டாவது குழந்தைக்கு மெத்தியோனின் குறைந்திருக்கும், ஆக இரண்டுக்கும் பொதுவாக ஏறியிருந்தது ஹோமோசிஸ்டீன்தான். ஆகவே குழாயைக் கெடுப்பது அதுதான் என்று முடிவு கட்டி 1969இல் கட்டுரை வெளியிட்டார். சாதாரண மக்களுக்கு வரும் மாரடைப்புக்கும் இதுவே ஒரு காரணமாக இருக்கலாம் என்பது அவருடைய அடுத்த தாவல். இன்றைக்குப் படித்தாலும் அந்த முதல் பாதித் தர்க்கம் அழகாகத்தான் இருக்கிறது. கொலஸ்ட்ரால் ஆராய்ச்சி உச்சத்தில் இருந்த காலம் என்பதால் அவரை அப்போது யாரும் காதில் போட்டுக்கொள்ளவில்லை, 1970களின் கடைசியில் வேலையும் போயிற்று. பின்னாளில் ராட் ஐலண்டில் ஒரு முன்னாள் படைவீரர் மருத்துவமனையில் சேர்ந்து அங்கிருந்தே ஆராய்ச்சியைத் தொடர்ந்தார். ‘ஒதுக்கப்பட்டவர் சொன்னதுதான் உண்மை’ என்ற கதைக்கு இணையத்தில் எப்போதும் மவுசு உண்டு, இன்றைக்கும் இவரை வைத்து நிறைய வீடியோக்கள் வருகின்றன. அந்த வீடியோக்கள் பெரும்பாலும் 1999 வாக்கில் நின்றுவிடுகின்றன. கதை அதற்குப் பிறகுதான் திரும்புகிறது.

1990களில் அவர் பக்கம் காற்று அடித்தது. அமெரிக்காவில் 14,916 ஆண் மருத்துவர்களைத் தொடர்ந்து கவனித்த ஆய்வில், ஹோமோசிஸ்டீன் மிக அதிகமாக இருந்த 5 சதவீதம் பேருக்கு மாரடைப்பு அபாயம் மற்றவர்களை விட சுமார் மூன்று மடங்கு என்று 1992இல் வந்தது. 1995இல் பல ஆய்வுகளைச் சேர்த்துப் பார்த்து, 5 மைக்ரோமோல் ஏறினால் இதயநோய் அபாயம் ஆண்களுக்கு 60 சதவீதமும் பெண்களுக்கு 80 சதவீதமும் கூடுகிறது என்று கணக்குச் சொன்னார்கள். செல் வளர்ப்பிலும் எலிகளிலும் ஹோமோசிஸ்டீன் குழாயின் உள்தோலைக் கெடுப்பதையும் ரத்தம் உறைவதைத் தூண்டுவதையும் காட்டினார்கள். மருந்தோ மலிவான வைட்டமின். எல்லாம் பொருந்தி வந்தது. அப்போது ஒரு இதய டாக்டர் தன் நோயாளிக்கு ஃபோலிக் அமிலம் எழுதிக்கொடுத்திருந்தால் அதில் தப்பு சொல்ல முடியாது.

ஆனால் ஒரு சின்ன விஷயம் அப்போதே கண்ணில் பட்டிருக்க வேண்டும் என்று எனக்குத் தோன்றுகிறது. ஹோமோசிஸ்டினூரியா நோயாளிகள் 629 பேரின் விவரங்களைத் திரட்டி 1985இல் ஒரு பெரிய தொகுப்பு வெளியானது. சிகிச்சை இல்லாவிட்டால் 30 வயதுக்குள் பாதிப் பேருக்குக் குழாய் அடைப்பு ஏதாவது ஒன்று வந்துவிடுகிறது என்றது அது. எந்தக் குழாய்? பாதிக்கு மேல் கால் சிரைகளில் கட்டி, நுரையீரலுக்குக் கட்டி போவது மாதிரியான சிரைப் பிரச்சினைகள், மூன்றில் ஒரு பங்கு மூளைக் குழாய்கள், மாரடைப்பு வெறும் 4 சதவீதம் அளவில்தான். சாதாரண ஆளுக்கு இருப்பதைப் போல பத்து இருபது மடங்கு ஹோமோசிஸ்டீன் ரத்தத்தில் ஓடும் உடம்பிலேயே இதயக் குழாய் அவ்வளவாக அடைக்கவில்லை என்றால், 12க்குப் பதில் 18 இருப்பவரின் இதயத்தை அது அடைக்கிறது என்பதை எப்படி நம்புவது? அந்தக் கேள்வி அன்றைக்குப் பெரிதாக எழவில்லை.

பெரிய எண்ணிக்கையில் ஆய்வுகளைக் கவனமாகச் சேர்த்தபோது கணக்கு சுருங்க ஆரம்பித்தது. 2002இல் வந்த தொகுப்பு ஆய்வில், நோய் வருவதற்கு முன்பே ரத்தம் எடுத்து வைத்த ஆய்வுகளை மட்டும் பார்த்தால், ஹோமோசிஸ்டீன் கால் பங்கு குறைவாக இருப்பவர்களுக்கு இதயநோய் அபாயம் 11 சதவீதமும் பக்கவாத அபாயம் 19 சதவீதமும்தான் குறைவு என்று தெரிந்தது. நோய் வந்த பிறகு ரத்தம் எடுத்த ஆய்வுகள்தான் தொடர்பைப் பெரிதாகக் காட்டியிருந்தன. மாரடைப்போ பக்கவாதமோ வந்த பிறகு ஹோமோசிஸ்டீன் தானாகவே கொஞ்சம் ஏறுகிறது என்பது அதற்கு ஒரு காரணம்.

அப்புறம் வந்தன உண்மையான சோதனைகள். பாதிப் பேருக்கு வைட்டமின், பாதிப் பேருக்கு அதே மாதிரி தோற்றமுள்ள வெற்று மாத்திரை, யாருக்கு எது என்று நோயாளிக்கும் தெரியாது, டாக்டருக்கும் தெரியாது. நார்வேயில் மாரடைப்பு வந்து ஒரு வாரத்துக்குள் இருந்த 3,749 பேரை வைத்து நடந்த நார்விட் சோதனையின் முடிவு 2006இல் வெளியானது. ஃபோலிக் அமிலமும் பி12ம் சாப்பிட்டவர்களுக்கு ஹோமோசிஸ்டீன் 27 சதவீதம் இறங்கியது. மாரடைப்பும் பக்கவாதமும் இறங்கவில்லை. பி6ஐயும் சேர்த்து மூன்று வைட்டமின்களையும் சாப்பிட்ட குழுவில் கொஞ்சம் கூடியது போலக்கூட இருந்தது. அதே நேரத்தில் வெளியான ஹோப்-2 சோதனையில் 5,522 பேர், ஐந்து ஆண்டுகள். இதயச் சாவு, மாரடைப்பு, பக்கவாதம் மூன்றையும் சேர்த்துப் பார்த்தால் வைட்டமின் குழுவில் 18.8 சதவீதம், வெற்று மாத்திரைக் குழுவில் 19.8 சதவீதம், இது தற்செயலாகவே வரக்கூடிய வித்தியாசம். 2008இல் 5,442 பெண்களை வைத்து ஒன்று, பலன் இல்லை. 2010இல் பிரிட்டனில் சர்ச் என்ற சோதனை, மாரடைப்பிலிருந்து தப்பிய 12,064 பேர், ஏறக்குறைய ஏழு ஆண்டுகள், ஹோமோசிஸ்டீன் 28 சதவீதம் இறங்கியது. மாரடைப்பு, பக்கவாதம் போன்ற பெரிய குழாய் நிகழ்வுகள் வைட்டமின் குழுவில் 25.5 சதவீதம், மற்றதில் 24.8. வரிசையாக இப்படியே வந்துகொண்டிருந்தது.

அமெரிக்காவிலும் கனடாவிலும் 1998 வாக்கிலிருந்தே மாவில் ஃபோலிக் அமிலம் சேர்ப்பதால் அங்கே கூடுதல் பலன் தெரியாமல் போயிருக்கலாம் என்று ஒரு வாதம் உண்டு. நியாயமான வாதம்தான். ஆனால் நார்வேயிலும் பிரிட்டனிலும் அந்தக் காலத்தில் அப்படிக் கட்டாயமாகச் சேர்க்கவில்லை, அங்கேயும் இதே முடிவுதான்.

இன்னும் அழுத்தமான சாட்சி மரபணுவிலிருந்து வந்தது. எம்டிஎச்எஃப்ஆர் என்று ஒரு மரபணு இருக்கிறது, முதல் மடைக்கான ஃபோலேட்டைத் தயார் செய்யும் நொதிக்கானது. அதன் ஒரு குறிப்பிட்ட வடிவத்தை அப்பா, அம்மா இருவரிடமிருந்தும் பெற்றவர்களுக்கு அந்த நொதி மந்தமாக வேலை செய்யும், ஃபோலேட் குறைவாகச் சாப்பிடும் நாடுகளில் அவர்களுடைய ஹோமோசிஸ்டீன் பிறந்ததிலிருந்தே மற்றவர்களை விட சுமார் கால் பங்கு கூடுதலாக இருக்கும். பிறப்பிலேயே குலுக்கிப் போட்டுப் பிரித்த சோதனை மாதிரி இது. ஹோமோசிஸ்டீன்தான் இதயக் குழாயைக் கெடுக்கிறது என்றால் 50, 60 ஆண்டுகள் கூடுதல் அளவோடு வாழ்ந்தவர்களுக்கு மாரடைப்பு கூடியிருக்க வேண்டும். 48,000 இதயநோயாளிகளின் விவரங்களை, அதுவரை வெளியிடப்படாத தரவுகளிலிருந்து சேர்த்து, 2012இல் பார்த்தார்கள். வித்தியாசம் ஏறக்குறைய பூஜ்யம். அதற்கு முன் வெளியான சின்னச் சின்ன ஆய்வுகள் தொடர்பு இருப்பதாகக் காட்டியிருந்தன, தொடர்பு தெரிந்த ஆய்வுகள் அச்சேறுவதும் தெரியாதவை மேசை இழுப்பறையில் தூங்குவதும் மருத்துவ ஆராய்ச்சியின் பழைய வியாதி. இந்த மரபணு டெஸ்டுக்கும் அதற்கென்று விற்கும் விலை கூடிய மெத்தில்ஃபோலேட் மாத்திரைக்கும் காசைக் கொட்டுகிறவர்கள் இதைக் கட்டாயம் தெரிந்துகொள்ள வேண்டும். இந்தியர்களிடம் இந்த இரட்டைப் பிரதி ஐரோப்பியர்களை விட அரிது என்பதையும் சேர்த்துச் சொல்லிவிடுகிறேன்.

சரி, அப்படியானால் ஏன் ஹோமோசிஸ்டீன் கூடுதலாக இருப்பவர்களுக்கு மாரடைப்பும் கூடுதலாக வருகிறது? சிகரெட் பிடிப்பவருக்கு ஹோமோசிஸ்டீன் ஏறும், மாரடைப்பும் வரும். சிறுநீரகம் லேசாகச் சுணங்கினாலே ஹோமோசிஸ்டீன் ஏறும், அந்தச் சுணக்கமே மாரடைப்புக்குப் பெரிய காரணம். வருடக்கணக்கான பிரஷரும் சர்க்கரையும் சிறுநீரகத்தையும் இதயத்தையும் ஒன்றாகத்தான் கெடுக்கின்றன. காய்கறி, கீரை, பழம் சாப்பிடாதவருக்கு ஃபோலேட் குறையும், அவருடைய சாப்பாடு மற்ற விதங்களிலும் மோசமாகத்தான் இருக்கும். வயது ஒன்று போதும், இரண்டையும் ஏற்றிவிடும். இப்படி எல்லாக் கெடுதலும் போகிற வழியில் ஹோமோசிஸ்டீனையும் ஏற்றிவிட்டுப் போவதால் அது ஒரு நல்ல சாட்சி. சாட்சியை அடக்கினால் குற்றம் நின்றுவிடாது. எதை இறக்கினால் பலன் என்பதற்கு எல்டிஎல் என்ற கெட்ட கொலஸ்ட்ரால் எதிர் உதாரணம். அங்கே மரபணுவும் ஒத்துப்போகிறது, வெவ்வேறு வகை மருந்துகளும் ஒத்துப்போகின்றன, ஸ்டாடின் என்ற கொலஸ்ட்ரால் மாத்திரை மூலம் டெசிலிட்டருக்குச் சுமார் 39 மில்லிகிராம் இறக்கினால் பெரிய இதய, மூளைக் குழாய் நிகழ்வுகள் ஐந்தில் ஒரு பங்கு குறைகின்றன. ‘கொலஸ்ட்ரால் மாத்திரையை நிறுத்திவிட்டு ஹோமோசிஸ்டீனைக் கவனியுங்கள்’ என்ற அறிவுரையைக் கேட்டு யாராவது ஸ்டாடினை நிறுத்தினால் எனக்குக் கோபம் வருவதற்குக் காரணம் இதுதான்.

பக்கவாதத்தைப் பொறுத்தவரை கதவு முழுக்க மூடவில்லை, அதையும் நேர்மையாகச் சொல்ல வேண்டும். ஹோப்-2இல் பக்கவாதம் கொஞ்சம் குறைந்தது. சீனாவில் 20,702 பிரஷர் நோயாளிகளை வைத்து நடந்த சோதனையின் முடிவு 2015இல் வந்தது, எனலாப்ரில் என்ற பிரஷர் மாத்திரை மட்டும் சாப்பிட்டவர்களில் 3.4 சதவீதம் பேருக்கு முதல் பக்கவாதம், எனலாப்ரிலோடு 0.8 மில்லிகிராம் ஃபோலிக் அமிலமும் சாப்பிட்டவர்களில் 2.7 சதவீதம். நாலரை ஆண்டுகளில் ஆயிரம் பேருக்கு ஏழு பக்கவாதம் குறைவு. ஃபோலேட் குறைவான சாப்பாடு, மாவில் எதுவும் சேர்க்காத நாடு, முன்பு சொன்ன மரபணு வடிவம் பரவலாக உள்ள மக்கள், இப்படிப்பட்ட இடத்தில் பலன் இருக்கிறது. அங்கேயும் மாரடைப்பு குறையவில்லை. எதிர்ப்பக்கத்தில், சர்க்கரையால் சிறுநீரகம் கெட்டவர்களுக்கு அதிக டோஸ் பி வைட்டமின்கள் கொடுத்த ஒரு கனடியச் சோதனையில் சிறுநீரகம் இன்னும் வேகமாகக் கெட்டது, குழாய் நிகழ்வுகளும் கூடின. வைட்டமின்தானே, சாப்பிட்டால் என்ன கெட்டுவிடும் என்று நினைப்பவர்களுக்காக இதைச் சொல்கிறேன்.

இப்போது நம்மூர் விஷயத்துக்கு வரலாம், ஏனென்றால் இங்கே இந்த எண் ஏறுவதற்குக் காரணமே வேறு. புனேயில் 204 பேரைப் பரிசோதித்து 2001இல் வெளியான ஆய்வில் முக்கால்வாசிப் பேருக்கு ஹோமோசிஸ்டீன் 15க்கு மேல் இருந்தது. காரணம் பெரும்பாலும் பி12 குறைவு. கிட்டத்தட்ட பாதிப் பேருக்கு பி12 குறைவாகவே இருந்தது. பி12 செடி கொடியில் கிடையாது, பால், தயிர், முட்டை, மீன், கறி இவற்றில்தான் உண்டு. சைவம் சாப்பிட்டு, பாலும் காபிக்கு அரை டம்ளர் என்றால் பற்றாக்குறை வரத்தான் செய்யும். அசைவக்காரர்கள் என்று சொல்லிக்கொள்ளும் நம் வீடுகளிலும் ஞாயிற்றுக்கிழமை ஒருவேளை குழம்பு, அதிலும் அம்மாவுக்கு மிஞ்சுவது இரண்டு துண்டு என்றால் நிலைமை பெரிதாக மாறாது. மெட்ஃபார்மினும் அசிடிட்டி மாத்திரையும் வருடக்கணக்கில் சாப்பிடுபவர்களுக்கு இன்னும் குறையும். ஃபோலேட் பக்கம் நமக்குப் பருப்பும் பயறும் கீரையும் கைகொடுக்கின்றன, ஆனால் கீரையை நெடுநேரம் வேகவிட்டு அந்தத் தண்ணீரை வடித்துக் கொட்டினால் ஃபோலேட்டில் பெரும்பகுதி அதோடு போய்விடும். 2021க்குப் பிறகு ரேஷனில் படிப்படியாக வந்த செறிவூட்டப்பட்ட அரிசியில் இரும்போடு ஃபோலிக் அமிலமும் பி12ம் சேர்த்தார்கள், கிலோவுக்கு ஒரு மைக்ரோகிராம் அளவு பி12. பிளாஸ்டிக் அரிசி என்று பொறுக்கிப் போட்டோமே, அதேதான். அரிசியைப் பலமுறை அலசி, கஞ்சியை வடித்தால் அதிலும் ஒரு பகுதி போகலாம்.

இவ்வளவு பேருக்கு ஹோமோசிஸ்டீன் ஏற்றம் இருக்கும் நாட்டில் மாரடைப்பும் சின்ன வயதிலேயே வருகிறதே, இரண்டுக்கும் முடிச்சுப் போடலாமா? போட்டுப் பார்த்தவர்கள் உண்டு. சென்னையில் தென்னிந்திய ஆண்களை வைத்து 2001இல் வெளியான ஓர் ஆய்வில் இதயநோய் உள்ளவர்களுக்கும் இல்லாதவர்களுக்கும் இந்த அளவில் குறிப்பிடும்படி வித்தியாசம் தெரியவில்லை. கேரளத்தில் பிறந்த சலீம் யூசுஃப் தலைமையில் 52 நாடுகளில் நடந்து 2004இல் வெளியான இன்டர்ஹார்ட் ஆய்வு, முதல் மாரடைப்பு அபாயத்தில் சுமார் 90 சதவீதத்தை 9 காரணங்களே விளக்கிவிடுகின்றன என்று காட்டியது. புகை, ரத்தக் கொழுப்பு, பிரஷர், சர்க்கரை, தொப்பை, மன அழுத்தம், காய்கறி பழம் சாப்பிடாதது, உடலுழைப்பு இல்லாதது, மது சம்பந்தப்பட்டது ஒன்று. அந்தப் பட்டியலில் ஹோமோசிஸ்டீன் இல்லை, அது இல்லாமலே கணக்கு முடிந்துவிட்டது. தெற்காசியர்களுக்கு முதல் மாரடைப்பு 53 வயது வாக்கில், மற்றவர்களுக்கு 58க்கு மேல் என்பதும் அதே ஆய்வில்தான் தெரிந்தது, அதற்கும் இதே காரணங்கள் நம்மிடம் சின்ன வயதிலேயே வந்து உட்கார்ந்துகொள்வதுதான் பெரும்பகுதி விளக்கம். சலீம் யூசுஃப் ஹோப்-2 சோதனையையும் வழிநடத்தியவர்களில் ஒருவர் என்பது கவனிக்க வேண்டியது, ஹோமோசிஸ்டீனை எடுத்தவுடன் ஒதுக்கிவிடாமல் சோதித்துப் பார்த்துவிட்டுத்தான் விட்டார்கள்.

ரிப்போர்ட்டில் உள்ள அந்த எண்ணே சரிதானா என்பது இன்னொரு கேள்வி. ரத்தம் எடுத்த பிறகும் சோதனைக் குழாயில் இருக்கும் சிவப்பணுக்கள் உயிரோடுதான் இருக்கின்றன, அவை ஹோமோசிஸ்டீனை வெளியே விட்டுக்கொண்டே இருக்கும். அறை வெப்பத்தில் வைத்தால் மணிக்குச் சுமார் 10 சதவீதம் ஏறிவிடும். அதனால் மாதிரியை உடனே ஐஸில் வைத்து, ஒரு மணி நேரத்துக்குள் மெஷினில் சுழற்றி அணுக்களைப் பிரித்துவிட வேண்டும். வீட்டுக்கே வந்து ரத்தம் எடுக்கும் தம்பி காலை ஆறரைக்கு உங்கள் கையில் ஊசி போடுகிறார், குழாயைப் பையில் வைக்கிறார், அடுத்து இன்னும் நாலைந்து வீடு, சித்திரை வெயில், டிராஃபிக், லேப் போய்ச் சேர்கையில் ஒன்பதரை. பையில் ஐஸ் இல்லையென்றால், பிரிக்கும் ஏற்பாடும் இல்லையென்றால், 13 ஆக இருந்தது 17 ஆகியிருக்கும். 15ஐக் கொஞ்சம் தாண்டிய ரிப்போர்ட்டைப் பார்த்துத் தூக்கம் கெடுவதற்கு முன் இதைக் கேட்டுத் தெரிந்துகொள்ளுங்கள். தேவைப்பட்டால் வெறும் வயிற்றில் லேப்புக்கே நேரில் போய்க் கொடுங்கள்.

இதய அபாயத்தைக் கணிக்க எல்லோருக்கும் ஹோமோசிஸ்டீன் பார்க்கச் சொல்லி பெரிய இதய மருத்துவச் சங்கங்கள் இன்று பரிந்துரைப்பதில்லை. கூடுதலாக ஒரு டெஸ்டுக்குக் காசு இருக்கிறது, குடும்பத்தில் சின்ன வயதில் மாரடைப்பு வந்திருக்கிறது என்றால், ரத்தத்தில் கொழுப்பைச் சுமக்கும் ஒரு துகளை அளக்கும் லிப்போபுரோட்டீன் சிறிய ஏ என்ற டெஸ்டை வாழ்நாளில் ஒருமுறை பார்ப்பது எவ்வளவோ மேல், அது பரம்பரையாக வருவது, அதற்கு மரபணுச் சாட்சியும் உறுதியாக இருக்கிறது.

ஏற்கெனவே பார்த்து ஏறியிருக்கிறது என்று தெரிந்துவிட்டால் பி12, சிறுநீரகத்துக்கான கிரியாட்டினின், தைராய்டுக்கான டிஎஸ்எச் மூன்றையும் பாருங்கள், என்னென்ன மாத்திரை சாப்பிடுகிறீர்கள் என்று டாக்டரிடம் ஒன்றுவிடாமல் சொல்லுங்கள். பி12 குறைவென்றால் அதை நிச்சயம் சரிசெய்ய வேண்டும். இதயத்துக்காக இல்லை, நரம்புக்காக. பாதத்தில் மதமதப்பு, எரிச்சல், நடையில் தள்ளாட்டம், மறதி, நாக்குப் புண், சோர்வு எல்லாம் பி12 குறைவால் வரும், நாள்பட விட்டால் நரம்புச் சேதம் திரும்பாமலே போகலாம். இங்கே ஒரு ஆபத்தைக் கட்டாயம் சொல்ல வேண்டும். பி12 எவ்வளவு என்று பார்க்காமல் கடையில் ஃபோலிக் அமிலத்தை மட்டும் வாங்கிச் சாப்பிட்டால் ஹோமோசிஸ்டீன் கொஞ்சம் இறங்கும், ரத்தசோகையும் சரியானது போலத் தெரியும், உள்ளே நரம்புச் சேதம் சத்தமில்லாமல் தொடரும். கர்ப்பத்துக்குத் தயாராகும் பெண்களுக்கு மட்டும் ஃபோலிக் அமிலத்தின் கதை வேறு, குழந்தையின் முதுகுத்தண்டு, மூளைக் குறைபாட்டைத் தடுக்க அவர்களுக்கு அது அவசியம், அதை யாரும் நிறுத்தக் கூடாது.

100க்கு மேல் வந்தால் காத்திருக்க வேண்டாம். அதிலும் சின்ன வயதில் காலில் ரத்தக்கட்டி, காரணம் தெரியாத பக்கவாதம், லென்ஸ் இடம் பெயர்ந்த கண், வயதுக்கு மீறிய உயரமும் நீண்ட விரல்களும் இருந்தால் ஹோமோசிஸ்டினூரியாவை நினைக்க வேண்டும், மரபணு நோய் மருத்துவரைப் பார்க்க வேண்டும். அங்கே மட்டும் இறக்கினால் பலன் உறுதி. பல நாடுகளில் சிகிச்சை பெற்ற 158 நோயாளிகளைக் கவனித்து 2001இல் வெளியிட்ட கணக்கில், சிகிச்சை இல்லாவிட்டால் 112 குழாய் நிகழ்வுகள் எதிர்பார்க்க வேண்டிய இடத்தில் நடந்தது 17தான். அதிக டோஸ் பி6 மட்டுமே போதுமான நோயாளிகள் உண்டு, மற்றவர்களுக்கு மெத்தியோனின் குறைந்த உணவும் பீட்டைன் என்ற மருந்தும் வேண்டும். இந்தியாவில் சொந்தத்துக்குள் கல்யாணம் செய்யும் குடும்பங்களில் இந்த மாதிரி நோய்கள் வரும் வாய்ப்பு கூடுதல் என்பதால் கண் டாக்டரோ குழந்தை டாக்டரோ சந்தேகப்பட்டு இந்த டெஸ்டை எழுதினால் தட்டிக்கழிக்காமல் செய்துவிடுங்கள்.

மற்றபடி 20, 30 என்று வந்து பி12 குறைவும் உறுதியானவர்களுக்கு ஊசியோ மாத்திரையோ எடுத்து இரண்டு மூன்று மாதம் கழித்துத் திரும்பப் பார்த்தால் பெரும்பாலும் எண் இறங்கியிருக்கும். பி12 ஏறியும் ஹோமோசிஸ்டீன் அசையவில்லை என்றால் டோஸைக் கூட்டிக்கொண்டே போக வேண்டாம், கிரியாட்டினினையும் தைராய்டையும் இன்னொரு முறை பார்க்கச் சொல்லுங்கள்.